தூங்குமூஞ்சி மரம் சாய்ந்த அன்று

செய்யூர்
19-2-1978

கண்ணான மகன் ஜெயினுலாபுதீனுக்கு, அம்மா பதருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நானும் அத்தாவும் சுகமாக இருக்கிறோம், துபாய் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்று மனசு அங்கேயே நிற்கிறது. உன் தங்கை ஷஹர்பானு தலைப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் வருகிறாள். அவளுக்குப் பின்கட்டு அறையை ஒழித்து வைத்தோம், அப்போதுதான் பார்த்தால் கொல்லையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் போன மழையில் அடி உளுத்து, அந்த அறையின் ஓட்டுப் பக்கமாகவே சாய்ந்து நின்றது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அத்தா சொல்லிவிட்டார். நீ அனுப்பிய காமிராவில் அது விழுவதைப் படம் பிடித்து உனக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசையாக இருந்தது.

விறகுத்தொட்டி வைத்து மரம் விற்கும் உன் அத்தாவுக்குச் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு நாளாக வீட்டில் அதே பேச்சுதான். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்கணும், வெட்டுகிறவன் ஓடிப் பின்வாங்க வழியைச் சுத்தம் பண்ணணும், மரத்தின் உயரத்துக்கு இரண்டு மடங்கு தூரத்துக்குள் ஒரு குஞ்சு குருவிகூட நிற்கக் கூடாது என்று எல்லாரையும் விரட்டினார். நான் கிட்ட நின்று படம் எடுக்கிறேன் என்றதற்கு, கோடாலி எடுத்து வந்த பூவராகவன், "இன்னாம்மா, கிட்ட நின்னுகினு போட்டோ புடிச்சா மரம் உன்னையும் சேத்துப் புடிச்சுக்கும், போ அந்தாண்ட" என்று விரட்டிவிட்டான். எனக்குக் கோபம், அவ்வளவு தூரத்தில் நின்றால் மரம் தீக்குச்சி மாதிரிதானே தெரியும்? முணுமுணுத்துக்கொண்டே போய் வேர்க்கடலைக் கொல்லைக் கிணற்று மேட்டில் நின்றேன்.

வீட்டுப் பக்கத்துக் கிளைகளை முதலில் கழித்தார்கள். உச்சியில் வடம் கட்டி, தூரத்துப் பனைமரத்தில் சுற்றி, கூட வேலைக்கு வந்த தாமோதரன் இறுக்கிப் பிடித்தான். வீட்டுக்கு எதிர்ப்புறம், மரம் விழ வேண்டிய பக்கம் பூவராகவன் திறந்த வாய் மாதிரி ஒரு வெட்டு வெட்டினான், பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம் மேலே ரம்பம் போட்டு, நடுவில் கொஞ்சம் மரத்தை அறுக்காமல் விட்டான். அதுதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பி விடுமாம். ஆப்பு அடிக்கச் சம்மட்டியை ஓங்கிவிட்டான். நான் காமிராவில் கண்ணை வைத்தேன். படல் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தொப்பி நகர்ந்து வருகிறது. வேறு யார், உன் அத்தாதான். வேலையாட்களுக்கு டீ வாங்க எப்போது போனாரோ, கையில் டீ கிளாஸ்கள் செருகிய கம்பிக் கூடையோடு, படலைத் தள்ளிக்கொண்டு நேராக மரம் விழும் இடத்துக்கு வருகிறார்! வேலி மறைத்ததால் மற்ற யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை, ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம்கூட உன் தங்கையை விட்டுத்தான் சொல்லச் சொன்னேன். "இந்தாங்க" என்று கூப்பிட்டால் அங்கிருக்கும் அத்தனை ஆம்பளைகளும் திரும்புவார்களே! "ஹயாத் பாஷா! நில்லுங்க!" என்று கத்தினேன் பார், பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சிலையாக நின்றார். பூவராகவன் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, "நைனா, ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீயே உள்ள வர்றியே, இன்னா வேல இது" என்று அவரை மேட்டுக்குத் துரத்தினான். அவர் என் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் ஆப்பு இறங்கியது. ஓட்டில் ஒரு இலைகூட உரசாமல் மரம் வெட்டவெளியில் போய்ப் படுத்தது. கையில் காமிரா இருந்ததையே நான் மறந்துவிட்டேன்.

மதுராந்தகம் ஸ்டுடியோவில் கழுவி வாங்கிய படங்களை இதோடு வைத்திருக்கிறேன். மரம் விழுகிற படம் ஒன்றுகூட இல்லை, கோபித்துக்கொள்ளாதே. கத்தும்போது விரல் பட்டு விழுந்த படம் ஒன்று இருக்கிறது, அதில் வாயைத் திறந்தபடி, லுங்கியெல்லாம் டீயாக நிற்பவர் உன் அத்தா. ஊரே பார்த்துச் சிரித்துவிட்டது. நீ வேலை செய்யும் கட்டடத்தில் மேலே பாரம் தூக்கும்போது அடியில் நடக்காதே, வேலை தெரிந்தவனுக்குத்தான் கவனம் தப்புகிறது. தங்கைக்குக் கைப்பட நாலு வரி எழுது, வேளைக்குச் சாப்பிடு.

அத்தா எதிரில் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிடுகிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். "கொல்லையில கூப்ட்டியே, அதே மாதிரி இன்னொரு தபா கூப்புடேன்" என்கிறார். இந்த வயதில் எனக்கு வெட்கம் பிடுங்குகிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தரட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பதருன்னிசா