வராதவர் ஓட்டு

காந்திபுரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. ஷூ லேஸ் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் யாருக்கோ புதிய கேரம் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார். டப்பாவைத் தட்டிப் பவுடரைத் தூவினார். உள்ளங்கையால் ஒரு வட்டம் தேய்த்தார். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். அது எதிர்ப்பக்கம் மோதி அவரிடமே திரும்பி வந்தது. கூடவே அந்த வாசனையும் வந்தது.

பவுடருக்கு வாசனை கிடையாது என்று நீ சொல்வாய். "அது மரத்தோட வாசனைங்க. பவுடரு அதைக் கௌப்பி உடுது, அவ்வளவுதான்." இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது என்னை அந்தக் கடையில் நிறுத்திவிட்டது. லேஸ் வாங்கவில்லை. ஒரு டப்பா பவுடர் வாங்கினேன். என் வீட்டில் பலகை இல்லை.

வெளியே டவுன் பஸ்களின் இரைச்சலில் நின்றுகொண்டு இஸ்மாயிலுக்குப் போன் செய்தேன். நாங்கள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. "பவுடர் வாங்கிட்டேன்டா" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஹார்ன் சத்தம் மட்டும் எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "கௌசியை நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

*

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது. நம் ஆட்டத்தின் விதிகளை எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்பதும் ஒரு விதிதான். அது இஸ்மாயில் கொண்டு வந்தது. விதிகள் நான்கு தலைகளில் இருந்தன. இப்போது மூன்றில் இருக்கின்றன. உன் தலையில் மட்டும் இருந்தவை எவை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

உக்கடத்தில் இஸ்மாயிலுடைய அத்தாவின் குடைக் கடை. அதற்கு மேலே குடோன். நாம் நால்வரும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்து ஆளுக்கொரு வேலையில் ஒட்டிக்கொண்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே கூடினோம். நீ அன்னூரிலிருந்து பஸ் ஏறி வருவாய். கௌசி என்று நாம் கூப்பிடும் கௌசல்யா தாராபுரத்துக்காரி. இங்கே லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். கட்டுக்கட்டாகக் கறுப்புக் குடைகள். நடுவில் பலகை.

முதலில் அது வெறும் கேரம். கௌசிதான் மாற்றினாள். தோற்றுத் தோற்றுச் சலித்துப்போய் ஒருநாள் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுத்தாள். "ஜெயிக்கறவனுக்கு ஜெயிச்ச சந்தோசம். தோக்கறவளுக்கு என்னடா இருக்குது?"

அவளைச் சமாதானப்படுத்த நீ சொன்னது இது. தோற்ற ஜோடியில் ஒருவர் ஒரு விதியை மாற்றக் கேட்கலாம். உட்கார்ந்திருக்கிற எல்லோரும் கை தூக்கினால் மாறும். ஒரு கை குறைந்தாலும் மாறாது. அப்படித் தோற்ற கோரிக்கை அன்றோடு செத்ததாகக் கணக்கு.

அதன் பிறகு யாருக்கும் ஜெயிப்பதில் அக்கறை இல்லாமல் போனது. தோற்பதற்குப் போட்டி. சிவப்புக் காயைப் போட்டவர் அடுத்த அடியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். டீ வரும்போது யார் கையில் ஸ்ட்ரைக்கர் இருக்கிறதோ அவர் வடையைப் பாதியாகப் பிட்டு எதிராளிக்குத் தர வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் வேறொரு ஆட்டம்.

உன் முதல் விதி நினைவிருக்கிறதா? வகுப்பில் எல்லோரும் உன்னைக் கேலி செய்வார்கள். கேன்டீன் பூனையைக்கூட "அக்கட்டப் போங்க" என்று விரட்டியவன் நீ. ஒருநாள் தோற்றாய். பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் பேச வேண்டும், தவறினால் ஒரு காய் திரும்ப நடுவுக்கு வரும் என்றாய். சிரித்துக்கொண்டே கை தூக்கினோம். அடுத்த ஆட்டத்திலேயே கௌசி கத்தினாள்.

"ஏனுங்க எருமைங்களே, என்ற காயை எதுக்குங்க தள்ளி உட்டீங்க?"

"தெரியாமப் பட்டுப்போச்சுங்க அம்மணி" என்றாய்.

"பொய் சொல்லாதீங்க. கண்ணு குருடாப் போயிருமுங்க."

"போனா உங்களுக்குத்தானுங்க நல்லது. ஒரு ஆட்டமாச்சும் ஜெயிப்பீங்க."

கீழே கடையிலிருந்து இஸ்மாயிலின் அத்தா மேலே வந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு மரியாதையாக யார் சண்டை போடுகிறார்கள் என்று.

*

இரண்டு விதிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றவை போகட்டும்.

ஒன்று கௌசியுடையது. அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு நாம் மூன்று பேரும் ஆடினோம். திரும்பி வந்தவளுக்கு அது தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. அன்றைக்கு வேண்டுமென்றே தோற்றாள். "நாலு பேரு உக்காராம பலகையைத் தொடக் கூடாதுங்க" என்றாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கை தூக்கினோம்.

மற்றது உன்னுடையது. அடுத்த மாதம் ஒரு ஞாயிறு நீ வரவில்லை. தோட்டத்தில் வேலை. நாங்கள் மூவர் மட்டும். பலகையைத் தொட முடியாது. ஆனால் ஓட்டுப் போடலாமே என்று இஸ்மாயில் கண்டுபிடித்தான். முந்தின வாரம் தோற்ற நான் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. கேட்டேன். அன்னூர்க்காரர் இனி இடது கையால்தான் அடிக்க வேண்டும். இருந்த மூன்று கைகளும் உயர்ந்தன.

மறுவாரம் நீ வந்து உட்கார்ந்தாய். விஷயத்தைச் சொன்னோம்.

"ஆளு இல்லாதப்ப மாத்திப்போட்டீங்களா?"

"சட்டப்படிதானுங்க" என்றான் இஸ்மாயில்.

நீ இடது கையால் ஆடினாய். படுதோல்வி. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "வராதவங்க ஓட்டு வேண்டாம்னு கணக்குங்க" என்றாய். அதாவது ஒருவர் வராவிட்டால், அவர் மறுத்ததாகவே கொள்ள வேண்டும். அவர் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது.

கௌசிக்குச் சந்தேகம். "அப்ப நான் கண்ணாலமாயிப் போயிட்டா? ஆடவும் முடியாது, மாத்தவும் முடியாது. ஆட்டமே நின்னுபோகுமுங்களே."

"நிக்கட்டுங்க அம்மணி. ஆளு இல்லாம எதுக்குங்க ஆட்டம்?"

அது எங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த வயதில் அப்படிப்பட்ட விதிகள் பிடிக்கும். நான்கு கைகள் உயர்ந்தன. ஸ்ட்ரைக்கரில் ஒட்டியிருந்த பவுடரை நீ ஊதிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கினாய்.

*

பிறகு உன் ரத்தத்தில் ஏதோ. அதன் பெயரை நான் சொல்லிப் பழகவில்லை.

அவிநாசி ரோட்டில் ஒரு மருத்துவமனை. பார்வையாளர் நேரம். ஜன்னல் வழியாக வெயில் உன் கட்டிலின் பாதியில் கிடந்தது. உன் வலது கையில் ஊசி, குழாய். இஸ்மாயில் சட்டைப்பையில் ஸ்ட்ரைக்கரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். உன் இடது கையில் வைத்தான். நீ அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாய்.

"போன ஞாயித்துக்கெழமை யாருங்க தோத்தது?"

"ஆடவே இல்லீங்களே. நீங்க இல்லாம எப்படிங்க ஆடறது?" என்றான் இஸ்மாயில். 'ங்க' அங்கேயும் வந்துவிட்டது. பலகை இல்லாத இடத்தில்.

"அப்ப நான்தானுங்க தோத்தது. என்ற முறை."

நாங்கள் சிரிக்கத் தயாரானோம். நீ சிரிக்கவில்லை.

"மூணு பேரு இருந்தாலும் ஆடலாமுங்க. கையத் தூக்குங்க."

வலது கையில் ஊசி, இடது கையில் ஸ்ட்ரைக்கர்; உன் கை எழவில்லை. போர்வை மேலிருந்து இரண்டு விரல்களைத் தூக்கினாய்.

நான் கை தூக்கினேன். அதற்குள் எதையும் யோசிக்கவில்லை. நீ கேட்டாய், தூக்கினேன். தூக்கிய பிறகு பார்த்தேன். வேறு கை இல்லை. இஸ்மாயில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கௌசி தன் இரண்டு கைகளையும் மடியில் ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போட்ட விதியை நான் உடமாட்டேனுங்க. நீங்க எந்திரிச்சு வாங்க. வந்து தோத்துட்டுக் கேளுங்க. அப்ப மாத்திக்கலாம்."

"எந்திரிக்க முடிஞ்சா எதுக்குங்க கேக்கறேன்?"

அவள் அழத் தொடங்கினாள்.

"அம்மணி, ஆளுக்கு ஒரு ஓட்டுதானுங்க. அழுதா ரெண்டாகாது."

அப்போதுதான் நீ சிரித்தாய். இரண்டு விரல்களும் மெல்ல போர்வைக்கு இறங்கின. கோரிக்கை தோற்றது. என் கை எப்போது இறங்கியது என்று நினைவில்லை.

கீழே பஸ் ஸ்டாப்பில் கௌசி என் எதிரே வந்து நின்றாள். 'ங்க' இல்லை.

"எப்படிடா உனக்குக் கை எந்திரிச்சுது?"

"அவன் கேட்டான்."

"கேட்டாக் குடுத்துருவியா? அவன் போறேங்கறான். நீ சரீங்கறே."

இஸ்மாயில் எங்களுக்கு நடுவில் நின்று, வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீ இருக்க வேண்டும் என்று அவள் ஓட்டுப் போட்டாள். நீ கேட்டதற்கு நான் ஓட்டுப் போட்டேன். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் என்பது சில வாரங்களில் தெரிந்தது. உன்னை எடுத்த அன்று அன்னூருக்கு நாங்கள் மூவரும் மூன்று பஸ்களில் வந்தோம். மூன்று பஸ்களில் திரும்பினோம். கௌசி வேலையை விட்டுவிட்டுத் தாராபுரத்துக்குப் போய்விட்டாள்.

நீ அன்று கேட்டது கேரம் அல்ல என்று எனக்குத் தெரியும். நீ போன பிறகும் நாங்கள் மூவரும் ஒரு இடத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது. அதைக் கேட்டதாலேயே அது உடைந்தது.

*

போன ஞாயிறு கௌசி வந்தாள். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்றாள். இளைத்திருந்தாள். குடோன் படியில் என்னைப் பார்த்ததும், "பவுடர் எங்கடா?" என்று மட்டும் கேட்டாள். டப்பாவைக் கொடுத்தேன்.

பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அதன் மேல் குடைக் கட்டுகள். இஸ்மாயில் இறக்கித் துடைத்து நடுவில் போட்டான். அவரவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். உன் பக்கத்தில் ஒரு கட்டு தரையில் கிடந்தது. இஸ்மாயில் எழுந்து அதை ஓரமாகத் தள்ளி இடம் விட்டான்.

யாரும் பலகையைத் தொடவில்லை. தொடக் கூடாது.

"தோத்தது யாருங்க?" என்றான் இஸ்மாயில்.

"நான்தானுங்க" என்றாள் கௌசி. "மூணு பேரு இருந்தாலும் ஆடலாமுங்க. கையத் தூக்குங்க."

பஸ்ஸில் வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்திருப்பாள். அவள் கை முதலில் எழுந்தது. பிறகு இஸ்மாயிலுடையது. பிறகு என்னுடையது. நான் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் கேட்டதை அவள் அந்தப் பார்வையில் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

எண்ணுவது எப்போதும் இஸ்மாயில். எண்ணினான்.

"மூணு வேணும்." தள்ளி வைத்த குடைக் கட்டைப் பார்த்தான். "ஒண்ணு வேண்டாம்."

"என்னங்க ஒண்ணு வேண்டாம்?" கௌசி கையை இறக்கவில்லை.

"வராதவங்க ஓட்டுங்க."

"அவருதானுங்க கேட்டாரு! அவரு கேட்டதுக்கு அவரே வேண்டாம்பாரா?"

"அவரு கேட்டப்ப நாம குடுக்கலீங்களே."

அன்று நீ தூக்கிய இரண்டு விரல்களைக் கணக்கில் சேர்க்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். இஸ்மாயில் முடியாது என்று தலையாட்டினான். அது அன்றைக்குத் தோற்றுப்போன கோரிக்கை. அன்றோடு முடிந்தது. அப்படித்தான் நீ முதலிலேயே சொல்லியிருந்தாய்.

மூன்று கைகளும் அப்படியே நின்றன. கீழே யாரோ குடை விலை கேட்கும் சத்தம்.

மீறியிருக்கலாம். எங்களை யார் கேட்பது? காய்கள் டப்பாவில் இருந்தன, ஸ்ட்ரைக்கர் இஸ்மாயிலின் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அந்த விதி இருக்கும்வரை நீ வராதவன். அவ்வளவுதான். ஏதோ தோட்டத்து வேலை. விதியை மீறிவிட்டால் நீ ஆட்டத்திலேயே இல்லாதவன். அதை மூவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம் என்று நினைக்கிறேன். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

டீ வந்தது. குடித்தோம். கௌசி பவுடர் டப்பாவைத் திறக்காமலேயே என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீயே வச்சுக்க" என்றாள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட்டேன். அடுத்த ஞாயிறு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. நாங்கள் சண்டையில் இல்லை. உட்கார ஒரு காரணமும் இல்லை.

*

டப்பா என் மேசை மேல் இருக்கிறது. மூடியின் தாளைக்கூடக் கிழிக்கவில்லை.

அலுவலகத்தில் எதற்காவது கை தூக்கச் சொல்வார்கள். யாருக்குச் சம்மதம், யார் சனிக்கிழமை வர முடியும், யாருக்கு என்ன சாப்பாடு. எல்லோரும் தூக்குவார்கள். என் கை மட்டும் மேசையை விட்டு எழுவதில்லை. இரண்டு விரல்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

எண்ணுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. என்னை விட்டுவிட்டு எண்ணிக்கொண்டு போகிறார்கள்.