பனிக்கட்டி இல்லாத கால்வாயில் பனிச்சந்தை நடத்துவது குறித்து

அனுப்புநர்
யெல்ட்யே ஹூக்ஸ்மா,
உதவி ஆவணக் காப்பாளர்,
நகராட்சி ஆவணக் காப்பகம், நிலவறை,
ஓல்டேவால், ஃபிரீஸ்லாந்து, நெதர்லாந்து.

பெறுநர்
மாண்புமிகு நகரத் தலைவர் அவர்கள்,
நகர மன்றம், இரண்டாம் மாடி,
ஓல்டேவால்.

பொருள்: பனிச்சந்தையை இந்த முறை தண்ணீரிலிருந்து தரைக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1684ஆம் ஆண்டுச் சந்தைப் பட்டயம், சந்தைப் பதிவேடு, பக்கம் 41.

மதிப்பிற்குரிய ஐயா,

நேரில் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புவதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். இரண்டு முறை மாடி ஏறி வந்தேன். ஒருமுறை தங்கள் அறைக்கதவு மூடியிருந்தது, மறுமுறை திறந்திருந்தது. இரண்டுமே எனக்குத் தைரியம் தரவில்லை.

1. பனிச்சந்தையில் நான்காவது இடம் எங்கள் குடும்பத்துடையது. பட்டாணி சூப் விற்கிறோம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஜனவரியில் கால் நனையாத வேலைக்குப் போன முதல் ஆளும் நான்தான்.

2. 1684ஆம் ஆண்டுக் குளிரில் கால்வாய் நவம்பரில் உறைந்து மார்ச்சில்தான் இளகியது. படகுகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டதால் சந்தை பனிக்கட்டியின் மேல் நடந்தது. பீரைக் கோடரியால் உடைத்து எடைபோட்டு விற்றார்கள். மன்ற எழுத்தர் மைப்புட்டியை அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதியதாக மூன்று இடங்களில் குறைபட்டிருக்கிறார். அப்போது சில வியாபாரிகள் மட்டும் கரையில் மதுக்கடையின் அடுப்போரம் கடை விரித்துக் கூட்டத்தை இழுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் முறையிட்டதால் மன்றம் இப்படி விதித்தது: எல்லாக் கடையும் கால்வாயில்தான் இருக்க வேண்டும், விடிந்ததிலிருந்து நண்பகல்வரை நிற்க வேண்டும், விற்பவர் எதிர்க்கரைக்குக் கேட்கும்படி கூவ வேண்டும், வாங்குபவர் சறுக்குக் காலணியோடு வர வேண்டும், ஓர் ஆண்டு வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போகும். நியாயமான விதிதான். அன்று பனிக்கட்டி இருந்தது.

3. சந்தை நாளில் கால்வாய் உறைந்திருந்த கடைசி ஆண்டில் எனக்கு மூன்று வயது. விதியை மாற்ற யாரும் துணியாததால் அதன்பின் சந்தை தண்ணீரில் நடக்கிறது. சென்ற ஜனவரியில் நடந்ததைப் பதிவேட்டில் உள்ளபடி தருகிறேன். பனிக்கட்டியின் கனத்தை விரல் கணக்கில் அளக்கும் (நான்கு விரல் இருந்தால்தான் ஆள் தாங்கும்) பனி மணியக்காரர் திரு. ரின்ஸே பௌமா தொப்பியைக் கழற்றி, பித்தளைக் கோலைத் தண்ணீரில் இறக்கி, "சைபர் விரல்! ஏறலாம், ஆனா பாத்து ஏறுங்க!" என்று அறிவித்தார். வியாபாரிகள் ஏறினார்கள், அதாவது இறங்கினார்கள். பாலாடைக்கட்டிக் கடையின் மூன்று சக்கரங்கள் மிதந்து போயின. ஒன்றை அன்னம் ஒன்று இன்றுவரை திருப்பித் தரவில்லை. ரப்பர் பூட்ஸின் மேல் சறுக்குக் காலணி கட்டி வந்த ரொட்டிக்கடைக்காரர் சேற்றில் புதைந்தார். தீயணைப்புத் துறை அவரை மட்டும் மீட்டது. வந்த வாடிக்கையாளர் பதினைந்து பேர் என்று பதிவாகியுள்ளது. அதில் நான்கு வாத்துகள். நான் சுட்டிக்காட்டியபோது, "வரிசையில நின்னுச்சுங்களே, எழுதாம எப்படி?" என்றார் திரு. பௌமா.

4. என் தந்தை சீபே ஹூக்ஸ்மா தொடையளவு தண்ணீரில் மூன்றரை மணி நேரம் நின்றார். நிமோனியா வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். "இன்னொரு தடவை தண்ணியில இறங்கினீங்கன்னா, அப்புறம் சூப்பை உங்களுக்கு நாங்கதான் ஊட்டணும்" என்றார் மருத்துவர். "உப்புப் போட்டு ஊட்டுங்க. போன தடவை அதுதான் குறைஞ்சிருந்துச்சு" என்றார் அப்பா. இந்த ஆண்டும் நிற்கப்போகிறார். வராவிட்டால் நான்காவது இடம் போய்விடும். பூட்ஸில் ஒன்றை ஒளித்து வைத்தேன். ஒற்றைக்காலில் நிற்பதாகச் சொல்கிறார்.

5. வாரிசு பதிலாக நிற்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் கூவ வேண்டும். நிலவறையில் பழகிப் பார்த்தேன். காவலாளி தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்து, "என்னம்மா, எலியா?" என்றார். "பட்டாணி சூப்" என்றேன். "அதுக்கா இவ்ளோ பயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு கால்வாயோரம் நின்று கூவியதில் குரல் வாத்துகள்வரை எட்டியது.

6. இந்நிலையில், சந்தைப் பதிவேட்டின் 41ஆம் பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கிடப்பதைச் சென்ற வாரம் கண்டேன். ஆவி காட்டிப் பிரித்தேன். 1686 ஜனவரிக் குறிப்பு இது: "பனி உருகிவிட்டது. சந்தை தேவாலய முற்றத்தில் நடந்தது. எவருடைய இடமும் பறிபோகவில்லை. மையும் உறையவில்லை, கடவுளுக்கு நன்றி." ஆகவே முன்னுதாரணம் இருக்கிறது. பக்கங்களை ஒட்டவைத்த பச்சைக் கறை எது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அன்றைக்கும் ஊரில் சூப் விற்றது எங்கள் குடும்பம் மட்டுமே. அதற்காகவும் வருந்துகிறேன்.

எனவே, வரும் ஜனவரி 18 சனிக்கிழமைச் சந்தையைத் தேவாலய முற்றத்தில், அவரவர் இட வரிசை மாறாமல் நடத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். "தரையில நான் எதை அளக்கறது?" என்று திரு. பௌமா கேட்கிறார். அவர் வழக்கம்போல் கால்வாயையே அளக்கட்டும். அதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

7. கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். என் தந்தை இடம் போய்விடும் என்பதற்காகத் தண்ணீரில் நிற்பதாக மேலே எழுதியிருக்கிறேன். அது முழு உண்மையல்ல. ஒவ்வோர் ஆண்டும் திரு. பௌமா கோலை இறக்கும்போது அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சைபர் என்று கேட்ட பிறகுதான் மறுபடி கரண்டியை எடுக்கிறார்.

ஆகவே, எனக்கு ஒருநாள் விடுப்புக் கோரும் விண்ணப்பத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தேதி நிரப்பவில்லை. திரு. பௌமா "நாலு விரல்" என்று சொல்லும் நாள் அது. சூப் பானை கனமானது, ஒரு காதை அப்பா பிடித்தால் மறு காதை யாராவது பிடிக்க வேண்டும். அன்று நான் கூவவும் கூவுவேன். தாங்கள் இப்போதே கையொப்பமிட்டு வைக்க வேண்டுகிறேன்.

இடம்: ஓல்டேவால்
நாள்: 27.12.2019

பணிவுடன்,
யெல்ட்யே ஹூக்ஸ்மா