பின் அடித்த பக்கம்

அன்பு மிளகுக்கு,

அம்மா எழுதுவது. நானும் வீடும் இங்கே நலமாக இருக்கிறோம். நீயும் நலம்தான் என்று உன் ஞாயிற்றுக்கிழமைக் குரலை வைத்து நம்புகிறேன், ஆனால் போன வாரம் பேசும்போது இரண்டு தடவை இருமினாய், அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அத்தை முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்ட பிறகு மாடிப்படி ஏறுகிறாள். ஏறி வந்து நம் கொடியில் தன் போர்வையைக் காயப்போட்டுவிட்டு, "எங்க வீட்டு வெயிலை விட உங்க வீட்டு வெயில் நல்லா காயுது அண்ணி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறாள். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. குடிநீர் அலுவலகத்தில் என்னைப் புகார்ப் பிரிவிலிருந்து மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது, கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டு, "உங்கள மாதிரி பொறுமையா கேக்குறதுக்கு வேற ஆள் இல்ல மேடம்" என்று அதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார், பாராட்டா தண்டனையா தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். புகார் சொல்ல வருகிறவர்கள் குழாயைப் பற்றிச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வார்கள், எல்லாம் சொல்லி எழுந்த பிறகு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, எதற்காக வந்தார்களோ அதைச் சொல்வார்கள். இந்தக் கடிதமும் அப்படித்தான் போகும் போலிருக்கிறது. நான் நாற்காலியைப் பிடிக்கும் இடம் வரை கொஞ்சம் பொறுமையாகப் படி.

அப்பா போன பிறகு நம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று மூன்று வரியில் முடிந்துகொண்டிருந்தது. நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய், "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரு சீரியல் பாப்போம்மா, முடிஞ்சதும் பேச ஏதாவது இருக்கும்ல" என்று. நான் ஏதோ மாமியார் மருமகள் கதையாக இருக்கும் என்று தலையாட்டினேன், நீ அழுகிப்போன பிணங்கள் நடக்கிற கதையைக் கொண்டுவந்து வைத்தாய். முதல் வாரம் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். நான்காவது வாரம், கதையில் வருகிற அந்தப் படகுக்காரி கதவைத் தாழ் போடாமல் தூங்கப் போனதற்காக டிவியைப் பார்த்துத் திட்டினேன். அதற்கப்புறம்தான் உன் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியை இழுத்துத் திறந்தேன். இந்தச் சீரியலுக்கு மூலமான அந்த ஜோம்பி காமிக்ஸ், முப்பத்தொரு இதழ், உன் ஒன்பது வயதிலிருந்து அப்பா பழைய புத்தகக் கடையில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கியது, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை, முதுகில் அவர் கையால் எண். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவாரே, அதைப் பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டேன், மறுநாள்தான் திறந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு அப்புறம் டிவி பார்க்கிறேன். உன்னிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம். புத்தகத்தில் படகுக்காரி என்னைப் போல நாற்பதைத் தாண்டியவள், இடுப்பு பெருத்தவள், ஆற்றைக் கடக்க வருகிறவர்களிடம் சிடுசிடுவென்று விழுகிறவள். டிவியில் அவளை இளைக்க வைத்து, இருபது வயதைக் குறைத்து, ஆறு மாதமாகக் குளிக்காதவளுக்கு எண்ணெய் விளம்பரத்தில் வருகிற கூந்தலைக் கொடுத்துவிட்டார்கள். டிவி ஜோம்பிகள் உறுமிக்கொண்டு ஓடிவருகின்றன. புத்தகத்தில் அவை சத்தமே போடுவதில்லை, உயிரோடு இருந்தபோது நின்ற இடத்தில் போய் நிற்கின்றன, பேருந்து நிறுத்தத்தில் வரிசையாக, வங்கி வாசலில் வரிசையாக. எனக்கு ஓடுகிறவற்றைவிட வரிசையில் நிற்கிறவைதான் பயமாக இருக்கின்றன. அலுவலகத்தில் காலையில் ஜன்னலைத் திறக்கும்போது ஒரு நிமிஷம் அந்தப் படம் வந்து போகிறது. புத்தகத்தில் மூன்றாம் இதழிலேயே செத்துப்போகிற நாயை டிவியில் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள், பார்க்கிறவர்கள் மனம் தாங்காது என்று நினைத்திருப்பார்கள். ஒன்று புரிந்தது மிளகு. டிவி எடுத்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. அடுத்த வாரமும் நாம் வந்து உட்கார வேண்டுமே என்கிற கவலையில் ஒவ்வொரு கொடுமையையும் கொஞ்சம் மழுக்கிக் கொடுக்கிறார்கள். வரைந்தவருக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கவலை அப்பாவுக்கும் இருந்ததே. உனக்குக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு இதழையும் அவர் முதலில் படிப்பார், நீ பயந்துபோவாய் என்று தோன்றிய பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பின் அடித்து மூடிவிடுவார். தான் வேலை பார்த்த பார்சல் ஆபீஸில் அட்டைப்பெட்டிக்கு அடிக்கிற பெரிய ஸ்டேப்ளரை அதற்கென்றே வீட்டுக்குக் கொண்டுவருவார், செம்பு நிறத்தில் தடித்த பின், பக்கத்துக்கு நான்கு மூலைக்கு நான்கு. ஊரில் எந்த அப்பனும் இப்படி ஒரு வேலை செய்திருக்க மாட்டான், ஒன்று வாங்கிக் கொடுக்காமல் இருப்பான், இல்லை கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். பதினேழாம் இதழுக்கு அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதில் என்ன என்று கேட்டேன். "பொண்டாட்டி புருஷனை முடிக்கிற பக்கம். நீ படிக்காத, உனக்கு யோசனை வந்துடப்போவுது" என்றார். நான், "யோசனை எப்பவோ வந்தாச்சு, நேரம்தான் கிடைக்கல" என்றேன். சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, கடைசிப் பின்னை அடித்தபடி, "நான் அப்படி ஆனா நீயே பண்ணிடு. வேற யார் கையிலயும் விட்டுடாத" என்றார். போங்கள், வாயைக் கழுவுங்கள் என்று எழுந்து போனேன். உனக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பின்களை நீ ஒரு நாளும் தொட்டதில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை, வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டி, "பாருங்க, ஒரு பின் அசையல, என் பொண்ணுகிட்ட சொன்னா சொன்னதுதான்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்த இடம் வந்தது. படகுக்காரியின் புருஷனை, அந்தக் கணக்கு வாத்தியாரை, ஒரு ஜோம்பி கடித்துவிடுகிறது. அவள் அழுது அழுது தூங்கிவிடுகிறாள், அவள் தூங்கும்போது டாக்டர் வந்து ஊசி போட்டு அவரை முடித்துவைக்கிறார், பின்னணியில் வயலின். போனில் நான் ஏதோ சொன்னேன். நீ, "புத்தகத்துல வேற மாதிரிம்மா. அங்க டாக்டரே கிடையாது" என்றாய். அப்புறம் பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்டாய். திங்கட்கிழமை வேலை விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பதினேழாம் இதழை எடுத்தேன், அதுவரை தொடாமல் விட்டிருந்த பின்களைக் கத்தி முனையால் கழற்றினேன். எட்டுக் கட்டம், ஒரு சொல் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறை, நாற்காலியில் கட்டிவைத்த வாத்தியார், அவள் துடுப்போடு உள்ளே வருகிறாள். கரும்பலகையில் அவர் பாதி போட்டு விட்ட கணக்கு இருக்கிறது. அவள் முதலில் அதைப் பார்க்கிறாள், அப்புறம் அவரைப் பார்க்கிறாள். கடைசிக் கட்டத்தில் துடுப்பு கதவில் சாய்ந்திருக்கிறது, வெளியே விசில் ஊதுகிற அந்தச் சிறுமி, அவர்களுடைய மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் அம்மா என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள மிச்சம் பதினான்கு இதழையும் அன்றைக்கே புரட்டினேன். எங்கேயும் இல்லை.

இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன் மிளகு. பதினான்கு மாதத்துக்கு முன்னால் நீ விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது நான் போன் செய்து, அப்பாவுக்கு இதயம் தானாக நின்றுவிட்டது என்று சொன்னேன். தானாக நிற்கவில்லை. பார்சல் ஆபீஸில் விழுந்த ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த டாக்டர் வெளியே வந்து, மூளை முழுக்க நின்றுவிட்டது, மூச்சு விடுவது மெஷின்தான் என்று சொன்னார். "பொண்ணு நாளைக்கு வந்துடுவாங்கல்ல, வந்ததும் ரெண்டு பேரும் கலந்து சொல்லுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னார். அவர் அப்படித்தான் சொன்னார், அதை நான் மறைக்கக் கூடாது. மெஷினை நிறுத்த நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எங்கே என்று கேட்டேன். நர்ஸ் மேஜையில் பேனாவை நூலால் கட்டிவைத்திருந்தார்கள், நூல் குட்டையாக இருந்ததால் நன்றாகக் குனிந்துதான் போட முடிந்தது. அப்பாவின் கையெல்லாம் ஊசியும் குழாயுமாக இருந்தது, அதனால் அவருடைய இடது காலைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு நிமிஷம். கால் சூடாகத்தான் இருந்தது, ரொம்ப நேரம் வரை. அப்புறம் உனக்குப் போன் செய்தேன். பக்கத்தில் நின்ற அத்தை நான் சொன்னதைக் கேட்டு என்னை ஒரு தடவை பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றுவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் ஒரு நாள் போர்வையை மடித்துக்கொண்டே, "அந்த 'தானா'வ இன்னும் எத்தன நாளைக்குத் தூக்கிட்டு நடப்பீங்க அண்ணி" என்றாள்.

ஏன் ஒரு நாள் காத்திருக்கவில்லை என்று நீ கேட்பாய், கேட்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் என் பெண் கையால் அந்தக் கையெழுத்து விழக் கூடாது என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் பொய் இல்லை, ஆனால் அது பாதிதான். நீ வந்தால், "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்மா" என்பாய் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்து என்னால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது. இரண்டு நாள் இரண்டு மாதமாகியிருக்கும். அந்த வீங்கிய முகத்தை, புத்தகத்தில் வரிசையில் நிற்கிறவை மாதிரி அசையாமல் எதற்கோ காத்துக்கொண்டிருந்த அந்த உடம்பை, இன்னும் ஒரு நாள்கூட என்னால் பார்க்க முடியாது என்று இருந்தது. அவர் போய்விட வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது, பாதியில் நீ "சரிம்மா விடு" என்று சொல்லிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். நீ பிடித்திருக்க வேண்டிய சூடான காலை நான் உனக்கு விட்டுவைக்கவில்லை. அவர் கேட்டதைச் செய்தேன் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை, மறுபடி அதே காகிதத்தை நீட்டினாலும் குனிந்து போடுவேன், ஆனால் நீ வந்த பிறகு போடுவேன். டிவிக்காரர்களை அத்தனை குறை சொன்னேனே, உனக்கு நானும் டிவிக் கதையைத்தான் சொன்னேன், அடுத்த வாரமும் நீ என்னோடு பேச வேண்டுமே என்கிற பயத்தில்.

எழுந்து நின்றும் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பின்களைக் கழற்றும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை, படித்து முடித்து அவற்றை மேஜையில் பொறுக்கி வைத்தபோதுதான் பார்த்தேன். மற்ற பக்கங்களில் இருப்பது அப்பாவின் தடித்த செம்புப் பின். இந்தப் பக்கத்தில் துளை மட்டும்தான் அவருடையது, பெரிதாக, அகலமாக, நான்கு மூலையிலும். அந்தத் துளைகளுக்குள் இருந்தது சின்னஞ்சிறு வெள்ளைப் பின், துருப்பிடித்துப்போய். உன் பள்ளிக்கூடப் பையில் நீல நிறத்தில் ஒரு குட்டி ஸ்டேப்ளர் இருந்ததே, எட்டாம் வகுப்பில் தொலைத்துவிட்டு இரண்டு நாள் அழுதாயே, அதன் பின். நீ திறந்திருக்கிறாய். சின்ன வயதிலேயே திறந்து, அந்த எட்டுக் கட்டத்தையும் தனியாகப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல், அப்பாவின் துளையிலேயே சரியாக வைத்து மறுபடி அடித்திருக்கிறாய், அவர் பெருமை கெடக் கூடாது என்று. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ வந்து இறங்கியபோது டாக்டரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்டாய், நான்தான் என்றேன், என் வலது கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி வரை விடவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன். இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எனக்காகவும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறாயா மிளகு?

இருமலுக்கு வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. பதினேழாம் இதழைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் சின்னப் பின் நான்கும் ஒரு காகிதத்தில் மடித்து உள்ளே இருக்கின்றன. அந்தப் பக்கத்துக்கு நான் மறுபடி பின் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு, திட்டுவதானாலும் கூப்பிடு, பேசப் பிடிக்கவில்லை என்றால் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இரு, நானும் சும்மா இருக்கிறேன். நீ எந்தத் தீங்கும் தொடாமல், நிறைந்த ஆயுளோடு, உன் பக்கத்தில் உண்மை பேசுகிறவர்கள் சூழ இருக்க வேண்டும்.

அப்பாவின் காலைப் பிடித்திருந்த கையால்,
உன் அம்மா