மஞ்சள் டேக்

14 மார்ச் 2004, ஞாயிறு
இரண்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை. குழாயடியில் இவர் பல் துலக்கும்போது வீட்டுக்காரம்மா பாப்பம்மாள்தான் கேட்டார்: "இன்னாமா, உன் வூட்டுக்காரரு கண்ணு மஞ்சளா கீது?"

வெயிலுக்கு இழுத்துப் பார்த்தேன். ஆமாம். எனக்குக் காலை ஷிப்ட், இவருக்கு மாலை ஷிப்ட். ஒருவரை ஒருவர் பல்பு வெளிச்சத்தில்தானே பார்க்கிறோம்! கம்பெனியில் உதிரிபாகங்களில் முடியளவு கீறலையும் கண்டுபிடிக்கிற இன்ஸ்பெக்டர் நான். வீட்டில் கோட்டை விட்டேன்.

இவர் சிரிக்கிறார்: "மஞ்ச டேக் போட்டாச்சு, ஏட்டி செல்வி." எங்கள் கம்பெனியில் பச்சை டேக் என்றால் பாஸ், சிவப்பு என்றால் கழிவு. மஞ்சள் என்றால் ஹோல்டு, மறுபடி பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது.

21 மார்ச்
ஒரு வாரமாகக் கீழாநெல்லி, மோர். மஞ்சள் கூடித்தான் இருக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு. நாளை ஆஸ்பத்திரி.

26 மார்ச்
தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன். பித்தக்குழாயை ஒரு கட்டி அடைத்திருக்கிறதாம். அறுவை டாக்டர் ராஜாமணி மறைக்கவில்லை. "இந்த இடத்துல வந்தா பெரும்பாலும் மோசமான புற்றுதாம்மா. எடுத்துட்டுப் பார்ப்போம்."

இவருக்கு வயசு முப்பத்தொன்று. முப்பத்தொன்றுதான்.

12 ஏப்ரல்
ஆபரேஷன் ஏழு மணி நேரம். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் தெரியுமாம்.

27 ஏப்ரல்
பதினைந்து நாள் ஆகியும் ரிப்போர்ட் இல்லை. இன்று பொறுக்க முடியாமல் சோதனைக்கூடத்துக்கே போய்க் கத்திவிட்டேன். "எத்தன நாளைக்கு இழுத்தடிப்பிய? மனுசன் உசுரு இல்லியா?"

மூக்குக்கண்ணாடி போட்ட சின்ன உருவம் எழுந்து வந்தது. டாக்டர் சுபஸ்ரீ. கோபிக்கவே இல்லை. "நீங்கதான் பேச்சிராஜ் வீட்டம்மாவா? நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். எல்லாரும் வழக்கமான புற்றுன்னுதான் சொல்றாங்க. எனக்குச் சந்தேகம் தீரல. தீராம கையெழுத்து போட மாட்டேன்."

ஹோல்டு! நானும் தினம் செய்வது இதைத்தானே.

மைக்ராஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாய்ச் செல்கள், எல்லாம் ஒரே அளவு. "வழக்கமானதுன்னா கன்னாபின்னான்னு இருக்கும். இதோட உட்கருவப் பாருங்க, உப்பும் மிளகும் தூவின மாதிரி இல்ல? நியூரோ எண்டோகிரைன்னு ஒரு வகைக் கட்டி. பித்தக்குழாயில வர்றது ரொம்ப அபூர்வம், நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன். தனிச் சாயம் போட்டுப் பார்க்க வெளியூர் லேபுக்கு அனுப்பியிருக்கேன். தப்பா பேர் வெச்சா தப்பான மருந்து போகும்மா."

பெரிய டாக்டர்கள் எல்லாரும் ஒன்று சொல்லும்போது தனியாக நிற்க என்ன நெஞ்சுரம் வேண்டும்! பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன், அவர் பதறவில்லை. வெளியே வந்து அழுதேன். பயத்திலா, நன்றியிலா? தெரியவில்லை.

11 மே
டாக்டர் சுபஸ்ரீ தானே மாடி ஏறி வார்டுக்கு வந்தார். மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் சிரிப்பு. சாயம் பிடித்துவிட்டதாம். அவர் நினைத்த அதே வகை, அதிலும் மெதுவாக வளர்வது. முழுசாக எடுத்துவிட்டதால் கடுமையான மருந்து இப்போது வேண்டாமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும்.

"அப்ப பச்ச டேக்கா டாக்டர்?" என்றார் இவர். எங்கள் டேக் கணக்கை டாக்டருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்: "இல்லங்க. மஞ்சள்தான். பார்த்துக்கிட்டே இருக்கணும்."

பொய்யாகக்கூட ஒரு பச்சை தரவில்லை. அதனால்தான் அவரை நம்புகிறேன்.

3 ஜூன்
புண் ஆற இத்தனை நாள் ஆகி, வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

18 நவம்பர் 2005
மூன்றாவது ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று நேற்றுச் சொன்னார்கள்.

இன்று லைனில் ஒரு லாட் சரியாகப் படவில்லை. லாரி காத்து நிற்கிறது. சூப்பர்வைசர் பாண்டுரங்கன் குதிக்கிறார்: "கையெழுத்து போடும்மா, டைம் ஆயிகினே போவுது!"

"சந்தேகம் தீராம போட மாட்டேன் சார்" என்று மஞ்சள் டேக்கைக் கட்டினேன். மறுபடி பார்த்ததில் பதினொரு பீஸில் விரிசல்.

இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். இப்போது இவருக்கும் காலை ஷிப்ட்தான். கேட்டருகே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷம், முதலில் கண்ணைத்தான் பார்த்தேன்.

வெள்ளை.