நைட்டி அட்டையில் உன் படம்தான்

என் தங்க அக்காவுக்கு,

நீ போய் ஆறு மாசமாச்சு. அங்க நல்லா இருக்கியான்னு கேட்டு எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். நேரா விஷயத்துக்கு வாரேன். உன் படத்தை எடுக்கச் சொல்றாங்க.

நம்ம நைட்டி பாக்கெட்டுக்குள்ள வைக்கிற அட்டையில நீ நிக்கிறியே, அந்தப் படம். சொன்னது ராஜபாளையத்து ஏஜென்ட் அண்ணாச்சி. நம்ம சரக்குல பாதிக்கு மேல அவரு கைவழியாத்தானே போகுது? மடவார் வளாகத்துல நம்ம பட்டறைக்கே வந்து, தையல் மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே கேட்டாரு: "இறந்துபோன பொம்பளை படம் போட்ட துணிய எவ தம்பி வாங்கி உடுத்துவா?"

சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா நீயே சொல்லு, மளிகைக் கடையில போய் நின்னா என்ன தெரியுது? பெருங்காய டப்பா, மூக்குப்பொடி, அப்பளம், ஊறுகாய், எல்லாத்துலயும் மீசை வச்ச பெரியவரு ஒருத்தரு. அவிய எல்லாம் உசுரோடயா இருக்காக? ஆம்பளை படம்னா பாரம்பரியம், பொம்பளை படம்னா அபசகுனமா? அண்ணாச்சிகிட்ட அப்படியே கேட்டுட்டேன்.

அவரு போனை எடுத்து வேற ஒரு கம்பெனி விளம்பரத்தைக் காட்டி, உள்ளதைச் சொல்லிட்டாரு. "இப்படி ஒரு பிள்ளையப் போடுங்க தம்பி. ஒங்க அக்கா நல்லவுகதான், இல்லேங்கல. ஆனா கறுப்பு. அதுலயும் கனத்த ஒடம்பு. பாக்குறவனுக்கு ஒரு இது வேணும்ல?"

பாக்குறவனுக்கு! நைட்டி வாங்குறது பொம்பளைங்க, தைக்கிறது பொம்பளைங்க, போடுறதும் பொம்பளைங்க. இந்தப் பாக்குறவன் யாருக்கா? அவன் எப்ப நம்ம பட்டறைக்குள்ள வந்தான்?

அண்ணாச்சி போன்ல காட்டின அந்தப் பிள்ளை படத்தை நான் பெருசாக்கிப் பாத்தேன். மில்லுல துணி தரம் பாக்குறவன் என் கண்ணு, சும்மா இருக்குமா? மடிப்பெல்லாம் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு நிக்குது. முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருக்கான். அதுவும் பத்தாதுன்னு இடுப்பைக் கம்ப்யூட்டர்ல வேற சீவியிருக்கான். அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்லக்கா. அவ ஒல்லியா இருந்தும் அவளையும் முழுசா விடல பாரு.

நம்ம முதல் சரக்குலயும் இப்படி ஒரு படம்தானே இருந்துச்சு? செண்பகத்தோப்புலருந்து ஒரு அம்மா வந்தாங்க. அட்டையைப் பாத்தாங்க, தன்னையும் குனிஞ்சு பாத்துக்கிட்டாங்க. இது இவளுக்குத் தச்சது, எனக்கில்லைன்னு வச்சிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கே நீ தலையைப் பின்னிக்கிட்டு ஸ்டுடியோவுக்குக் கிளம்பிட்ட. போட்டோக்காரர் வயித்தை எக்கச் சொன்னாரு. "வயித்த எக்கிட்டு நிக்கிறதுக்குச் சேலை இருக்கு தம்பி. விடுறதுக்குத்தான் நைட்டி"ன்னு நீ சொன்னதுல, அந்த ஆளு சிரிச்சுப் படமே ஆடிப்போச்சு. ரெண்டாவது எடுத்ததுதான் இப்ப இருக்கிறது.

அண்ணாச்சியை அனுப்பிட்டுத் திரும்பினா, அத்தான் தலையைக் குனிஞ்சபடி, மாத்திருவோம் மாப்ளேங்காரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். அவ இருக்கும்போது பெருமை, போனதும் வெக்கமான்னு கேட்டுட்டேன். மெஷின் எல்லாம் நின்னு போச்சு.

"வெக்கம் இல்ல மாப்ள," அத்தான் ரொம்ப மெதுவாத்தான் சொன்னாரு. "மூட்டை கட்டும்போது அவ மூஞ்சி மேல கயித்தப் போட்டு இறுக்க முடியல."

அதுக்கு நீ இருந்தா ஏதாவது சொல்லியிருப்ப. நான் அவர் கையிலருந்து கயித்தை வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான் செய்யத் தெரிஞ்சது.

தைக்கிறவங்ககிட்டயும் உள்ளதைச் சொன்னேன். படத்தை மாத்தலைன்னா அண்ணாச்சி ஆர்டர் போயிரும், வேலை குறையும்னு. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்ல இருக்கிற பேச்சியக்கா தலையைத் தூக்காமலே, "அந்தக் குச்சிய அட்டையில வச்சா, நான் தச்சத நானே போட யோசிப்பேன்லே. போய் வேற கடையப் பாரு"ன்னா. மத்தவங்க சிரிச்சாங்க. அத்தானும் சிரிச்சாருக்கா, உனக்குப் பொறவு முதல்தடவையா.

அண்ணாச்சி இப்ப வாரதில்ல. ஆர்டர் குறைஞ்சுதான் போச்சு, உங்கிட்ட என்ன பொய்? ஞாயித்துக்கிழமையானா பைக்குல மூட்டையைக் கட்டிக்கிட்டு ராஜபாளையத்துல கடை கடையா ஏறி இறங்குறேன். சிலர் அட்டையைப் பாத்ததுமே வேண்டாங்காங்க. பஜார்ல ஒரு பாய் மட்டும் வாங்கி, முன்னால தொங்கவிட்டாரு. போன வாரம் அவரு கடையில ஒரு அம்மா, எம்புட்டு நாளாச்சு என்னை மாதிரி ஒருத்திய அட்டையில பாத்துன்னு சொல்லிட்டு, இந்த அக்கா எந்த ஊருன்னு என்கிட்டயே கேட்டாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்னேன். அதுக்கு மேல சொல்லியிருக்கணுமா?

புது அட்டை அச்சுக்குப் போகுது. உன் நிறத்துல ஒரு சொட்டு வெள்ளை கலக்க விடமாட்டேன். உன் இடுப்புல ஒரு நூல் குறைக்க விடமாட்டேன். எவன் கேட்டாலும் சரி, எந்த ஆர்டர் போனாலும் சரி. மூட்டையை இனி நான்தான் கட்டுவேன். மேல இருக்கிற பாக்கெட்டை மட்டும் கவுத்தி வச்சுக் கட்டுறேன், கயிறு உன் மேல படாது. கடையில பிரிக்கும்போது நீ நிமிர்ந்துக்கலாம்.

உன் கூடப்பிறந்த முன்கோவக்காரன்,
தம்பி கணேசன்