முகமூடிக்குள்ளே தங்கச்சிதான்

இன்று காலை ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மைதாப் பசையின் வாசம் அடித்தது. எதிர்ச்சுவரில் ஏணி போட்டு ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். பாதிதான் ஒட்டியிருந்தார். ஒரு வெள்ளைச் சிறகும் அதன் கீழே ‘விரைவில்’ என்ற சொல்லும் தெரிந்தன. மீதிப் பாதி அவர் தோளில் ஈரமாகத் தொங்கியது. எனக்கு அந்தச் சிறகே போதும். பனிக்கழுகு படத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது. நீ இருந்திருந்தால் அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டிருப்பேன்.

நாம் இருவரும் அந்த ரத்தப் பரிசோதனை லேபில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ரத்தம் எடுப்பவள், நீ கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிப்பவள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் பஸ்ஸில் வருவேன். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து நீ வருவாய். ஆரம்பத்தில் நமக்குள் பெரிதாகப் பேச்சில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நீ குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். பழுப்பேறிய தாளில், மலை உச்சியிலிருந்து ஒருவன் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு பறந்துகொண்டிருந்தான்.

“இம்புட்டு வயசாச்சு, பொம்மைப் புத்தகமா படிக்கிற?” என்றேன்.

“முதல்ல படி. பிறகு சிரி” என்று என் கையில் திணித்தாய்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அதைப் பிரித்தேன். மூடியபோது பஸ் என் ஊரைத் தாண்டித் திருவாடானைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. என்னைக் கூட்டிப்போக அய்யா பைக்கில் வர வேண்டியதாயிற்று. மறுநாள் நான் வந்ததும் வராததுமாக அடுத்த புத்தகத்தைக் கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில், ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் பயந்துபோனார்.

முகாமைவிட்டு வெளிநாடு போன ஒரு அண்ணன் விட்டுப்போன புத்தகக் கட்டு அது என்று சொன்னாய். எந்த நாட்டுக் கதையோ, யார் மொழிபெயர்த்ததோ, அட்டைகளெல்லாம் கிழிந்திருந்தன. கதாநாயகன் பனிக்கழுகால் தனியாகப் பறக்க முடியாது. யாரையாவது தூக்கினால்தான் சிறகு விரியும். ஆற்று வெள்ளத்தில் சின்னத் தங்கச்சியைத் தொலைத்தவன். அந்த ஆற்றைக் கடக்கும்போதெல்லாம், சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட அதே விசிலை அடித்துப் பார்ப்பான். அந்த இடம் வரும்போது நீ மட்டும் பக்கத்தைத் திருப்ப நேரமெடுத்துக்கொள்வாய்.

அதைப் படமாக எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, ஒரு ரிப்போர்ட்டில் தாத்தா ஒருவருக்குக் கர்ப்பப் பரிசோதனை என்று அடித்துவிட்டாய். நல்லவேளை, அச்செடுக்கும் முன்னால் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நம் மத்தியானங்களெல்லாம் அந்தப் படத்துக்கே போயின. கதாநாயகனாகப் போட்ட நடிகனின் மூக்கு உனக்குப் பிடிக்கவில்லை. சிறகு வெள்ளையாக இருக்குமா, சாம்பல் நிறமாக இருக்குமா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். ஒரு படம் வருவதற்கு முன்னாலேயே அதை இத்தனை தடவை பார்க்க முடியும் என்று எனக்குக் காட்டியவள் நீதான்.

டிரெய்லர் வந்த நாளில், ஒரே போனில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். முகமூடி போட்ட ஒரு உருவம் ஊரை எரிக்கிறது. பனிக்கழுகு தொலைவில் விசிலடிக்கிறான். நீ சட்டென்று நிறுத்தினாய். பின்னால் இழுத்தாய். மறுபடி ஓடவிட்டாய். எங்களோடு பேசிப் பேசி எங்கள் பேச்சுக்கே மாறியிருந்தாய். ஆனால் உணர்ச்சி பொங்கினால் உன் அம்மாவின் தமிழ்தான் வரும்.

“எடியே, பார்! விசில் கேட்டதும் தலை திரும்புது. இது வில்லன் இல்லையடி. தங்கச்சி. ஆத்தில போன தங்கச்சி!”

“காது இருந்தா திரும்பத்தான் செய்யும்.”

“நீ இருந்து பார். நான் சொல்லுறது நடக்கும்.”

இணையத்தில் எல்லோரும் அது அவனுடைய பழைய வாத்தியார் என்றார்கள். நானும் அந்தப் பக்கம்தான். நீ மட்டும் அசையவில்லை.

படம் தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. எனக்கு அலுத்துவிட்டது. “இவிங்க விடமாட்டாய்ங்க போல. நம்ம வேலையப் பாப்போம்” என்றேன். அப்போது நீ சொன்னதைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டேன்.

“காத்திருக்கிறது எங்களுக்கென்ன புதுசா? பிறந்ததிலயிருந்து முகாமில இருந்து காத்துக்கொண்டுதான் இருக்கிறன். யாரோ முடிவெடுப்பினம், யாரோ சொல்லுவினம் எண்டு. இது நானா ஆசைப்பட்டுக் காத்திருக்கிறது. இத ஏன் விடோணும்?”

அந்த வருடம்தான் மாடி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதய வால்வில் கோளாறு, சின்ன வயதுக் காய்ச்சலிலிருந்தே இருந்திருக்கிறது என்றார்கள். மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் லேபுக்கு வந்து, “படம் வர முதல் வந்திடுவன். என்னை விட்டுட்டுப் பார்த்தியோ, கொன்னுடுவேன்” என்றாய். இரண்டு ஊர்த் தமிழும் கலந்து வந்தது. நான் சிரித்தேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. போனில் பேசினாய், குரல் மட்டும் மெலிந்திருந்தது. பிறகு காய்ச்சல் கண்டது. அதன் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

உன் நாற்காலியில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். நான் மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிக்கப் பழகினேன். பனிக்கழுகு பற்றிப் போனில் எது வந்தாலும் பார்க்காமல் தள்ளிவிட்டேன். படம் வெளியாகும் நாள் நெருங்கியபோது போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

உன் அம்மா போன் செய்தார்.

“பிள்ளை, அந்தப் படம் வந்திட்டுதாமே. நீ போகேல்லையோ?”

“மனசில்லம்மா.”

“அது தங்கச்சிதானோ எண்டு எனக்குத் தெரியோணும். ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவள்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு உன் அம்மாவும் நானும் போனோம். தன் கண்ணாடிக்கு மேலே தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடியே இருந்தார். கட்டடங்கள் இடிந்து எங்கள் மேல் விழும்போதெல்லாம் என் பக்கம் சாய்ந்தார். கடைசிச் சண்டையில் பனிக்கழுகு விசிலடித்தான். முகமூடி உருவத்தின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அது மெல்லத் தன் முகமூடியைக் கழற்றியது.

எனக்குத் தெரியாமலே எழுந்து நின்றுவிட்டேன்.

“யக்கா, உக்காருங்க, மறைக்கிது!” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

உன் அம்மா என் கையைப் பிடித்து, “அவள்தானே? தங்கச்சிதானே?” என்றார். நான் தலையாட்டினேன். உடனே அவர் எழுந்து, பின்வரிசைப் பையன்களைப் பார்த்து, “என்ர மகள் அப்பவே சொன்னவள்! ஒருத்தரும் நம்பேல்ல!” என்றார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, ஒருவன் கைதட்டினான். பிறகு வரிசை முழுக்கத் தட்டியது. உன் அம்மா உட்கார்ந்தபோது இரண்டு கண்ணாடிகளுக்குள்ளும் நனைந்திருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், படம் சுமார்தான். நடிகனின் மூக்கைப் பற்றி நீ சொன்னதும் சரி. பஸ் வரும்வரை நானும் உன் அம்மாவும் அதன் குறைகளையே பேசிக்கொண்டிருந்தோம். நீ போன பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்று போஸ்டரைப் பார்த்த கையோடு உன் அம்மாவுக்குத்தான் போன் செய்தேன். “தங்கச்சியை அண்ணன்காரன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவான், பார்” என்று அடித்துச் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை தொடங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அய்யா கண்மாய்க் கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நல்லது எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நடக்காது என்று பயம். நானும் அப்படியே வளர்ந்தவள். இன்று போய்ப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“இந்த வருசம் கண்மா நெறஞ்சு மறுகா போகுமாய்யா?”

“வந்தாப் பாத்துக்கிருவோம்.”

“அது எனக்கும் தெரியும். நீங்க என்ன நெனைக்கிறீக? இப்பவே சொல்லுங்க.”

அய்யா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கிழக்கே கைநீட்டி, மேகம் எங்கே திரள்கிறது, காற்று எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். நான் கேட்கக் கேட்க அவர் குரல் ஏறியது. தண்ணீர் நிறைந்து கலுங்கைத் தாண்டி விழும் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும் என்றார். ஒரு சொட்டு மழை இன்னும் விழவில்லை. இருட்டும்வரை இருவரும் அங்கேயே நின்று, வரப்போகும் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.