நாற்பத்தொன்றாம் பறவை

இன்று ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரில் பழைய மாதிரிகளைத் தேடும்போது உன் கையெழுத்து கண்ணில் பட்டது. சிறு குப்பியின்மேல் 'பாகூர் 41'. உள்ளே ஒரு தவிட்டுக்குருவியின் இரண்டு சொட்டு ரத்தம்.

பறவை பிடிக்க நீ வலை கட்டுவாய். நான் ரத்தம் எடுப்பேன். பறவையின் ரத்தத்தில் இருப்பது மலேரியா ஒட்டுண்ணியா, நுண்ணோக்கியில் அதைப்போலவே தெரியும் வேறொன்றா என்று மரபணுவைப் படித்துப் பிரித்தறிவது என் ஆராய்ச்சி.

அன்று காலை பாகூர் ஏரிக்கரையில் நீ இரண்டாவது வலையைக் கட்டப் போயிருந்தாய். முதல் வலையைப் பார்க்க வேண்டியவள் நான். கைப்பேசியில் பேச்சு நீண்டது. வெயில் ஏறிவிட்டது. கருவேல மரத்தில் தவிட்டுக்குருவிகள் விடாமல் கத்தின. அதைக் கேட்டு நீதான் ஓடிவந்தாய். வலையில் சிக்கிய குருவி செத்துக் கிடந்தது. உடல் ஆறுவதற்குள் ரத்தம் எடுத்தோம்.

"செத்துப்போச்சின்னு எழுத வேணாம்டி. பறவ புடிக்கிற அனுமதிய நிறுத்திடுவாங்க," என்றேன்.

"வேற இன்னா எழுதறது? பறந்து போச்சின்னா? என் கையிலதான கீது," என்றாய்.

'வலையில் இறந்தது. வலை பார்க்கத் தாமதம்' என்று பதிவேட்டில் எழுதினாய். யாருடைய தாமதம் என்று எழுதவில்லை. வலைகளுக்கெல்லாம் பொறுப்பு நீ என்பதால் உன்னைத்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடைசி நாள் பேருந்து நிறுத்தத்தில், "நீயே சொல்லுவன்னு பார்த்தேன்," என்றாய். குரலில் கோபம் இல்லை. பேருந்து வந்ததும் ஏறிவிட்டாய். மறு வருஷம் ஐப்பசியில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

அந்த ரத்தத்தை இன்று மறுபடியும் சோதித்தேன். மலேரியா ஒட்டுண்ணிதான். முடிவு அட்டவணையில் அந்தப் பறவைக்கு எதிரே, 'வலையைப் பார்க்கத் தாமதித்தவள் நான்' என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா இது? அந்தப் பொண்ணுதான் போயிடுச்சே," என்றார். நான் அதை அழிக்கவில்லை.

கவனக்குறைவால் நீ வேலையை இழந்தாய் என்றுதான் உன் அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்வதற்காக உங்கள் ஊர் ஒதியம்பட்டுக்கு இருமுறை சீட்டு வாங்கினேன். இரண்டு முறையும் வழியில் வில்லியனூரிலேயே இறங்கிவிட்டேன்.